சாக்கு அங்கி

பெஹாலாவில் இந்த வருஷத் துர்கா பூஜைப் பந்தல் ரோமாபுரி. பூஜையின் ஆறாம் நாளான சஷ்டியன்று மாலை, மஞ்சள் விளக்குகளில் தெர்மாகோல் தூண்கள் பளிங்காய் மின்னுகின்றன. டாக் மேளத்தில் தரை அதிர்கிறது. வாசலில் அகஸ்டஸ் சீசர் பொன்னிற மார்க்கவசத்தோடு கை நீட்டி நிற்க, கூட்டம் அவரோடு செல்ஃபி எடுக்க முண்டுகிறது. உள்ளே விதானத்தில் மைக்கேலாஞ்சலோவின் ஆதாம் சோம்பலாய் விரல் நீட்டுகிறான். மூலையில், பணக்கார வீட்டை உதறி வந்த துறவி அசிசி பிரான்சிஸ், தோளில் ஒரு சிட்டுக்குருவியோடு வெறுங்காலில் நிற்கிறார். எல்லாம் ஹர்ஷினியின் கைவேலை. துறவியின் அங்கி மட்டும், கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பா ஜம்புநாதன் கொண்டுவந்த பழைய கோணிச் சாக்கு. “பிச்சைக்காரன் மாதிரி இருக்கு, எடுத்துடு” என்று பந்தல் போடும் கிளப்பின் செயலாளர் காலையில் எவ்வளவோ சொல்லியும் அவள் மசியவில்லை. இப்போது ஒரு பெண் வரிசையிலிருந்து விலகிச் செருப்பைக் கழற்றுகிறாள். குனிந்து துறவியின் பாதத்தைத் தொட்டுத் தலையில் வைத்துக்கொள்கிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அடுத்து ஒரு போலீஸ்காரர். சீசரின் காலடியில் ஒரு பூவும் இல்லை. இங்கே செவ்வந்தி குவிகிறது. செயலாளரே ஓடிவந்து, “ஆஸ்தே திதி, ஆஸ்தே”, மெதுவா அக்கா, மெதுவா என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார். “பாத்தியாப்பா?” என்கிறாள் ஹர்ஷினி. ஜம்புநாதன் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத மனிதரின் தோளைத் தட்டுகிறார். “என் பொண்ணு செஞ்சது” என்று உரக்க வங்காள மொழியில் சொல்கிறார். கொஞ்சம் யோசித்து, “சாக்கு நான் கொண்டாந்தது” என்றும் சேர்த்துக்கொள்கிறார்.