பல்லைக் காட்டு கண்ணு!

“நெஞ்சுல வால்வு, ஆபரேஷன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துது, அப்பால கீது உனக்கு!”

மகள் வனஜாவின் தலையில் பூவைச் செருகிக்கொண்டே மிரட்டினாள் அங்கம்மா.

“அவங்களுக்குத் தெரிய வேணாமாம்மா? இப்ப மாத்திரை போதும், ரெண்டு வருஷத்துல ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரே?”

“ரெண்டு வருஷம் கீது இல்ல? மொதல்ல தாலி ஏறட்டும். மூச்சு வாங்குச்சுன்னா பொண்ணுக்கு வெக்கம்னு நெனச்சுக்குவாங்க. நீ வாயே தொறக்காதே!”

மண்ணூர்பேட்டையில் அந்த ஓட்டு வீடு காலையிலிருந்தே அமர்க்களப்பட்டது. கேசரி கிண்டியாயிற்று. பக்கத்து வீட்டு நாற்காலிகள் வந்தாயிற்று. மாப்பிள்ளை மனோகரன் பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பீடி, குடி ஒன்றும் கிடையாது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் இன்னொன்று வருமா?

“வந்துட்டாங்க, வந்துட்டாங்க!”

அங்கம்மாவின் அண்ணன் உலகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மனோகரனும் அவன் அம்மா ராஜம்மாவும் மட்டும்தான். பாரிவாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள்.

வனஜா தட்டை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். ராஜம்மா எழுந்து நேரே அவளிடம் வந்தாள். பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை.

“பல்லைக் காட்டு கண்ணு.”



“இன்னாது?” என்றார் உலகநாதன்.

“பல்லுதான் அண்ணாத்தே. நீ ‘ஆ’ காட்டும்மா. இப்படி வெளிச்சத்துக்கா திரும்பு.”

வனஜா அம்மாவைப் பார்த்தாள். அங்கம்மா திருதிருவென்று விழித்தாள். இதற்கு மட்டும் அவள் பெண்ணைத் தயார் பண்ணியிருக்கவில்லை.

வனஜா வாயைத் திறந்தாள். ராஜம்மா அவள் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“மேல ஒண்ணும் பழுதில்ல. கீழ கடவாயில ஒண்ணு சொத்தை. மனோகரா, ஞாபகம் வெச்சுக்கோ.”

உலகநாதனுக்கு மீசை துடித்தது.

“இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்தியா, மாட்டுச் சந்தைக்கு வந்தியா? பல்லு ஆச்சு. அடுத்து வாலை முறுக்கிப் பாப்பியா?”

மனோகரன் பக்கென்று சிரித்துவிட்டான். வனஜாவும் சிரித்தாள். மாமனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“கோச்சுக்காதே அண்ணாத்தே, இன்னும் ஒரே ஒரு கேள்வி. ராத்திரி எத்தினி தலகாணி வெச்சுக்கினு படுக்குது பொண்ணு?”

“போதும், எழுந்திரு! எங்க பொண்ணு கல்லு மாதிரி கீறா!”

இடம் கை நழுவப் போகிறதே என்று அங்கம்மா குறுக்கே புகுந்தாள். “ஆமா, அவளுக்கு ஒரு தலவலிகூட வந்ததில்ல,” என்று அவசரமாக இன்னொரு பொய்யைச் சேர்த்தாள். “எல்லாரையும் மாதிரி ஒரே தலகாணிதான்!”

“ரெண்டு, அத்தை,” என்றாள் வனஜா. “ஒண்ணு வெச்சா மூச்சு முட்டுது.”

போச்சு! அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் மூணா தெச்சு வெச்சுக்கீறேன்,” என்றாள் ராஜம்மா. “ஆபரேஷன் கிட்ட வரச்சொல்ல இன்னும் ஒண்ணு வேண்டியிருக்கும் பாரு. மாடி போர்ஷனையும் வுட்டுட்டுக் கீழ வந்துட்டோம். படி ஏறுனா பொண்ணுக்கு ஆவாதாமே?”

“உங்களுக்கு... தெரியுமா?” என்றாள் அங்கம்மா.

“தரகர் எங்களைப் பத்திச் சொன்ன மறுநாளே, பாடி பஸ் ஸ்டாப்புல எம் புள்ளைய நிக்க வெச்சு உம் பொண்ணு சொல்லிடுச்சே! ‘இப்படி இப்படி, ஆபரேஷன் ஒண்ணு பாக்கி கீது. தெரிஞ்சுகினு வர்றதுன்னா வாங்க, இல்லாங்காட்டி வராதீங்க’ன்னு. அந்த தெகிரியம் எனக்குப் புடிச்சுப் போச்சு. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயி, இன்னா இன்னா ரெடி பண்ணணும்னு டாக்டர் கையில கேட்டேன். சொத்தைப் பல்லு கீதான்னு பாரு, அந்தக் கெடுதல் ரத்தத்துல கலந்து வால்வுல போய் ஒக்காந்துக்கும், அதை மொதல்ல சரி பண்ணுன்னாரு.”

ராஜம்மா அங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆபரேஷன் முடிஞ்சுதான் புள்ளகுட்டி எல்லாம். அதுவரைக்கும் எங்க ஊட்ல ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இந்நேரம் பாத்துக்கினு இருந்தேன்.”

அங்கம்மா தலை நிமிரவில்லை.

உலகநாதன் தொண்டையைச் செருமினார். மாமன் கெத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா?

“அதெல்லாம் சரிதாம்மா. எதுக்கும் ஒருவாட்டி பொருத்தம் பாத்துட்டு...”

“அதுவும் பாத்தாச்சு அண்ணாத்தே. ஆபரேஷனுக்கு ரத்தம் வேணும்னாங்க. பொண்ணு ரத்தம் இன்னா வகைன்னு அதுகிட்டயே கேட்டுக்கினு, நாங்களும் போய் ஊசி குத்திப் பாத்துட்டோம். எனக்கும் எம் புள்ளைக்கும் வனஜா ரத்தம்தான்!”