சாயங்கால ஜெபம்

"பேச்சே வராதுன்னு கேஸ் போட்டவர், வீட்டுல தினமும் சத்தமா ஜெபம் பண்றாராம் சார்," என்றார் வக்கீல் ஹரிபிரசாத்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆஜராகிறவர். தொண்டையைச் செருமினாலே நாடகத்துக்குத் திரை தூக்குகிற மாதிரி இருக்கும். தாம்பரம் கோர்ட்டில் பின்பெஞ்சு வரை சிரிப்பு.

லாசரஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். குரோம்பேட்டைத் துணிக்கடை வாசலில் மைக் பிடித்து, 'வாங்கக்கா, வாங்கண்ணா, உள்ள வந்து பாருங்க' என்று ஜி.எஸ்.டி. ரோட்டையே கூப்பிட்டவர். கார் மோதியதில் குரல் போய்விட்டது. இப்போது கழுத்தில் ஒரு குழாய். அதன் வழியாகத்தான் மூச்சு. நஷ்ட ஈடு வந்தால்தான் அடுத்த ஆபரேஷன்.

ஹரிபிரசாத் லேப்டாப்பை நீதிபதி பக்கம் திருப்பினார். சபையின் யூடியூப் வீடியோ. ஞாயிறு ஆராதனையில் லாசரஸின் மனைவி மெட்டில்டா சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதியில் பார்வை போனவள். இப்போது கோர்ட்டிலும் முன்பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு ஆண்டவர் குரலைத் திருப்பிக் குடுத்துட்டார். இப்பல்லாம் சாயங்கால ஜெபம் அவர்தான் பண்றார்."

குரல் போய்விட்டது என்ற டாக்டர் சர்டிபிகேட் எந்தக் கடையில் வாங்கியது என்று ஹரிபிரசாத் கேட்டார். நீதிபதியின் முகமும் இறுகிப்போயிற்று.

லாசரஸின் வக்கீல் தீபா, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் காதருகே கெஞ்சினாள்.

உண்மை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மகன் மெர்வின். பிளஸ் டூ. கணக்கு வாத்தியார், பாஸ்டர், சானடோரியம் ஸ்டேஷன் அறிவிப்பு, யார் குரலும் அவன் தொண்டையில் வரும். அப்பாவின் குரல் நின்றபின் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவன் அப்பா குரலில் ஜெபம் செய்தான். லாசரஸ் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தார். அன்றைக்கு அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

மெர்வின் எழுந்தான். லாசரஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கேஸ் போனால் போகட்டும், அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவர் ஏற்கெனவே எழுதிக் காட்டியிருந்தார்.

மெட்டில்டாவைக் கூண்டில் ஏற்றினார்கள். வீட்டில் கேட்பது கணவர் குரல்தானா என்று நீதிபதி கேட்டார்.

அவள் கூண்டுக் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார். அது என் பையன் குரல்."

"அப்போ சபையில சொன்னது?" ஹரிபிரசாத் விடவில்லை.

"ஏமாந்துட்டேன் சார். இவ்வளவு நேரம் கேஸ் நடந்ததைக் கேட்டப்புறம்தான் புரியுது."

நீதிபதி மெர்வினைக் கூப்பிட்டு, பேசிக் காட்டச் சொன்னார். அவன் அப்பா குரலில் ஜெபத்தின் முதல் வரியைச் சொன்னான். சிரித்த பெஞ்சுகள் அடங்கின. சர்டிபிகேட்டை ஏற்றுக்கொள்வதாக நீதிபதி சொன்னபோது, ஹரிபிரசாத் லேப்டாப்பை மூடிவிட்டிருந்தார்.

வெளியே வந்ததும் லாசரஸ் படியில் உட்கார்ந்து அழுதார். சத்தமே வரவில்லை. குழாய் மட்டும் சீறியது.

"சாரிம்மா," என்றான் மெர்வின். "உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு அப்பா நினைச்சாரு."

மெட்டில்டா தடவித் தடவிக் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் நாளே தெரியும்டா. நீ ஜெபம் பண்ணப்போ அப்பா மூச்சு என் பக்கத்துல தனியா கேட்டுது. நான் நம்புறேன்னு நீங்க ரெண்டு பேரும் நம்பணுமேன்னுதான் சபையிலயும் அப்படிச் சொன்னேன்."

"அப்புறம் ஏம்மா கோர்ட்ல ஏமாந்துட்டேன்னு சொன்னீங்க?"

"சபையிலயே தெரிஞ்சு பொய் சொன்னவள்னு ஒத்துக்கிட்டா, அப்பாவுக்குக் குரல் இல்லேன்னு நான் சொல்ற நிஜத்தை யாருடா நம்புவாங்க?"