கிதாருக்கு ஏசி

ஹம்ஸாவிடம் விவாகரத்து வாங்கிய கையோடு மைத்ரேயியைக் கட்டிக்கொண்ட அபிராமுக்கு, தன் கிதாரைக் கேட்டு ஸ்ரீரங்கத்துக்கு வர மட்டும் தைரியமில்லை. மைத்ரேயியைத்தான் அனுப்பினான்.

"உடைச்சே போட்டிருப்பேள்னு அவர் புலம்பறார்" என்றாள் அவள், வாசலிலேயே நின்று.

ஹம்ஸா ஏசி அறையைத் திறந்துவிட்டாள். ஒரு கைவினைஞர் மாதக்கணக்கில் இழைத்துச் செய்த கிதார், ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது.

மைத்ரேயிக்குக் கண் கலங்கியது. "நானா இருந்தா அடுப்புல வச்சிருப்பேன்."

"எனக்கும் தோணித்து. அப்புறம் மனசு மாறிடுத்து. உங்காத்துல எத்தனை ஏசி?"

"பெட்ரூம்ல ஒண்ணுதான். ஏன்?"

"போறும். எடுத்துண்டு போ."

மைத்ரேயி குழந்தையைப் போல அதை அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். "யாருக்குடி வரும் இந்த மனசு" என்று மாய்ந்துபோனாள் எதிர்வீட்டு வேதவதி.

ஹம்ஸா கதவைத் தாழிட்டாள். புகை பட்டால் பாலிஷ் மங்கிவிடும் என்று அபிராம் தடுத்துவைத்திருந்த சாம்பிராணியை அந்த அறையில் ஆசைதீரப் போட்டாள். பிறகு ஹாலிலிருந்த தன் படுக்கையைச் சுருட்டி எடுத்துவந்து விரித்தாள்.

மனுஷ மூச்சின் ஈரம் பலகைக்கு ஆகாது என்று, கல்யாணமான நாளிலிருந்து கிதாரை ஏசியிலும் அவளை ஹாலிலும் படுக்கவைத்தவன் அபிராம்.

உடைத்திருந்தால் மைத்ரேயி தப்பித்திருப்பாள்.

சித்திரை வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.