பாலத்தில் பின்தங்கியவர்

எழுபத்திரண்டு வயதில் தன்னைத் தானே ஓடி முந்திவிட்டதாகத் தணிகாசலம் சொன்னார். மூத்தோர் மாரத்தானுக்குப் பழகுகிறவர் அவர்; அதற்காகத் தினமும் பீட்ரூட் சாறு குடிப்பவர். காலையில் பாலத்தின் மேல் முன்னால் ஒருவர் திணறிக்கொண்டு ஓடினாராம். கடக்கும்போது பார்த்தால் அதே பனியன், அதே வழுக்கை, இடது காலில் அவிழ்ந்து தொங்கும் அதே நாடா. “வீடு எந்தப் பக்கம்னு எங்கிட்டயே வழி கேக்கறான், சுலோ.”

“பீட்ரூட்டுல சாராயம் கலந்தீங்களா?” என்றாள் மனைவி சுலோசனா.

“அதுல இருக்கற நைட்ரேட்டும்மா. ரத்தத்த நேரா மண்டைக்கு ஏத்திடும்.” பல்லெல்லாம் சிவக்கச் சிரித்தார். நாக்கிலுள்ள நல்ல கிருமி செத்தால் சாறு வேலை செய்யாது என்று மவுத்வாஷால் வாய்கூடக் கொப்பளிப்பதில்லை.

அவள் சிரிக்கவில்லை. போன மாதம் அதே பாலத்தில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவரை அவள்தான் கைபிடித்து அழைத்து வந்தாள். இன்னொரு தடவை அப்படி நின்றால் ஓட்டத்தையே விட்டுவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் அவருக்குத் தெரியாமல் போய், பாலத்தடி டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

விசிலடித்தபடி வந்தவர், திரும்ப வேண்டிய தெருவில் சரியாகத் திரும்பி ஓடினார். நிம்மதியாகக் கிளம்பப் போனவள், ஏனோ பாலத்தை ஒருமுறை பார்த்தாள்.

வீட்டில் அவர் பீட்ரூட் சாறும் கையுமாக உட்கார்ந்திருந்தார். “எங்க போன இவ்வளவு நேரம்?”

“நீங்க சொன்னது நெஜந்தாங்க,” என்றாள் சுலோசனா. “நாடாவக் கட்டிவிட்டு, மெதுவாக் கூட்டிட்டு வர நேரமாயிடுச்சு. வாசல்ல நிக்கறார். உள்ள வரலாமான்னு கேக்கறார்.”