சாட்சிக்கு வராதவர்

"பள்ளிக்கூட வாசல்ல நூத்திப்பத்துல பறந்திருக்கே. கேமரா பொய் சொல்லுமா?" என்று சீறினார் நீதிபதி.

"போனது உண்மைதாங்க ஐயா. சவாரி வந்தவர்தான் நேரமாச்சு, மிதி மிதின்னு உயிரை வாங்கிட்டாருங்க" என்றான் கூண்டில் நின்ற டாக்ஸி டிரைவர்.

"அவர் கிணத்துல விடச் சொன்னா விட்டுடுவியா? குழந்தைங்க நடக்கிற ரோடுன்னு உனக்கு புத்தி இருக்க வேணாம்?"

"தப்புதாங்க ஐயா" என்றான் டிரைவர்.

"அப்படி ஒருத்தர் நிஜமாவே இருந்தா, சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றதுதானே?"

"கூண்டுல ஏறி நிக்கிறதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லீங்க ஐயா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார்.

"செய்யறதையும் செஞ்சிட்டு, ஊர் பேர் தெரியாத ஆள் மேல பழியைப் போடறதே உங்களுக்கெல்லாம் பொழைப்பாப் போச்சு. அபராதத்தோட ஆறு மாசத்துக்கு உன் லைசென்ஸ் ரத்து!"

"வண்டி ஓட்டலைன்னா என் வீட்ல அடுப்பு எப்படிங்க எரியும்?"

"அதை மிதிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

டிரைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பி நடந்தான். அவன் பிடரி அப்போதுதான் நீதிபதியின் கண்ணில் பட்டது. அதில் அரிவாள் மாதிரி வளைந்த ஒரு பழைய தழும்பு.

தீர்ப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது.

போன மாதம் சொந்தக் கார் பழுதாகிக் கிடந்த ஒரு நாள் காலையில், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க அவர் கத்திக்கொண்டு வந்தது இந்தத் தழும்பைப் பார்த்துத்தான்.