இரண்டு பேர் மட்டும்

டிக், டிக், டிக். வண்டி திரும்பப் போகிறது என்று காட்ட, பழைய கார்களில் போடும் விளக்கின் சத்தம். நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. மத்தியானத் தூக்கத்தின் ஓரத்தில் இன்னும் சில நாள் அது கேட்கிறது.

அன்று அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாண நாள். வருடா வருடம் அந்த நாளில் இருவரும் காரை எடுத்துக்கொண்டு ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போய்த் தங்கிவிட்டு வருவார்கள். என்னைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பா முதலில் போனார். எனக்கு ஒன்றரை வயதாகும்போது அம்மாவும் இல்லை. அக்காதான் வளர்த்தாள். பத்தொன்பது வயதில் எனக்கு ரோஷம் வந்திருந்தது.

"இந்த வருஷமும் விட்டுட்டுப் போனீங்கன்னா நான் ஹாஸ்டல்ல சேர்ந்துடுவேன்," என்றேன்.

"கல்யாண நாளுக்கு யாராவது மச்சினியைக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்றார் அத்தான்.

"அப்ப நான் இந்த வீட்டுல வெளி ஆள்தானே?"

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "வரட்டும் விடுங்க," என்றாள்.

அப்படித்தான் பின் சீட்டில் நான் இருந்தேன், அரைத் தூக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக நகர்ந்துகொண்டிருந்தன. ஓர் இடத்தில் இடது பக்கம் சின்னப் பாதை ஒன்று பிரிந்தது. டிக், டிக், டிக். வண்டி மெதுவானது.

அக்கா அத்தானின் மணிக்கட்டில் கை வைத்தாள். "நேரா போங்க."

"அட, ஆமால்ல," என்று விளக்கை அணைத்தார்.

"அந்தப் பக்கம் என்ன அத்தான்?"

"தூங்குறவங்களுக்கு எதுக்கு வழி?" என்றார்.

நாலே அறைகள் இருந்த விடுதி. சாயங்காலம் மணலில் போய் உட்கார்ந்தோம். யாரோ விரித்துவிட்டு மறந்துபோன போர்வை மாதிரி கடல் கிடந்தது.

"அம்மா கடலைப் பார்த்திருப்பாளா அக்கா?"

"பார்த்திருப்பா," என்றாள். உடனே எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

பெட்டியில் ஒரு புதுச் சால்வை இருந்தது. சாம்பல் நிறம்.

"கல்யாண நாளுக்கு இந்தக் கலரா அத்தான்? கிழவிங்க போர்த்துக்கிற மாதிரி இருக்கு."

"உங்க அக்காவும் ஒரு நாள் கிழவி ஆகத்தானே போறா? முன்கூட்டியே வாங்கி வச்சிட்டேன்."

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பி நின்றார்கள்.

"குட்டி, நாங்க கொஞ்சம் தனியா போயிட்டு வரோம். மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம்," என்றாள் அக்கா.

"எங்க?"

"பொண்டாட்டிகூட ரெண்டு வார்த்தை பேசணும்னாலும் உன்கிட்ட மனு போடணுமா?" அத்தான் கண்ணடித்தார்.

என் முகம் சுருங்கியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி காரில் ஏறினார்கள்.

விடுதிக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். "வருஷா வருஷம் இப்படித்தாம்மா. காலையில போனா மத்தியானம்தான். கூட ஆள் வந்தது இதுதான் முதல் தடவை."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவர்கள் திரும்பி வந்தபோது அக்காவின் கண் வீங்கியிருந்தது. நான் வந்ததால்தான் சண்டை என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்போது காரில் சொன்னேன்:

"நான் ஹாஸ்டலுக்கே போயிடறேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க."

வேண்டாம் என்பார்கள் என்றுதான் சொன்னேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகு தூரம் போன பிறகு அத்தான், "சனிக்கிழமையானா வீட்டுக்கு வந்துடணும்," என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தை ஏழு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். படித்து முடித்தேன். கல்யாணம் ஆனது. அவர்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேர் மட்டும் போய்வந்தார்கள்.

ஏழாவது வருடம் போகவில்லை. நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அவர்கள் கல்யாண நாளன்று பார்க்கப் போனால் கார் வாசலிலேயே நின்றது.

"என்ன அத்தான், காதல் தீர்ந்து போச்சா?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

எதற்கும் பதில் வைத்திருப்பவர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இனிமே அங்க போய்ப் பார்க்க யாரும் இல்லடி."

"யாரைப் பார்க்க?"

"உப்பளத்துகிட்ட இடது பக்கம் ஒரு பாதை பிரியுமே, அதுக்குள்ள தொழுநோய்க்காரங்களுக்கு ஒரு இல்லம் இருக்கு. அந்த நோயோட பேரைச் சொன்னாலே அப்பல்லாம் பொண்ணு கேட்டு ஒருத்தரும் வரமாட்டாங்க. கல்யாண நாள்னு சொன்னா யாரும் கூட வரேன்னு கேக்க மாட்டாங்கன்னு அத்தான்தான் யோசனை சொன்னார். நீ கேட்டுட்ட."

அக்கா என் கையை விடவில்லை.

"'சின்னவளுக்கு நான் செத்ததாவே இருக்கட்டும்'னு சத்தியம் வாங்கிட்டா. உனக்குக் கல்யாணம் ஆனதும் சொல்லிடறேன்னேன். ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வான்னா."

என் இருபத்தாறாவது வயதில், அந்தக் கல்யாண நாளுக்கு ஒன்பது நாள் முன்னால், அம்மா இறந்துபோனாள்.