புரோலாக் தெரியும்

அஜ்மானிலிருந்து பஸ் பிடித்து பர் துபாய் வந்து சேர்வதற்குள் ஜெப்ரினின் இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிட்டது. ஏற்கெனவே மூன்று இடத்தில் ‘அப்புறம் சொல்றோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். இதையும் கோட்டைவிட முடியாது.

எதிரே உட்கார்ந்திருந்த அஜிஷா அவன் பயோடேட்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“புரோலாக் மொழியில புரோகிராம் எழுதத் தெரியும்னு போட்டிருக்கீங்க. இரண்டோட நேச்சுரல் லாக் எவ்வளவுன்னு அதுல கண்டுபிடிங்க பாப்போம்” என்று லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

காலேஜில் படித்ததோடு சரி. X = log(2) என்று தட்டினான். திரையும் அட்சரம் பிசகாமல் X = log(2) என்றது.

“என்னங்க, நான் அடிச்சதையே திருப்பிச் சொல்லுது?”

“சமக்குறி போட்டா அது கணக்கே போடாது. அந்த இடத்துல is போடணும்.”

போட்டான். 0.693 என்று தொடங்கி விடை நீளமாக வந்தது. ஏசியிலும் அவனுக்கு வியர்த்தது.

“ஏட்டி, பெண்ணு பாக்க வந்த மாப்பிளய இப்பிடியா கேள்வி கேட்டு வறுத்தெடுப்ப?” கிச்சனிலிருந்து டீத் தட்டோடு வந்த அவள் அம்மா, தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஜெப்ரின் துணிந்து கேட்டேவிட்டான். “என்னப் பிடிச்சிருக்கா?”

அஜிஷா ஒரு வாய் டீ குடித்தாள். “என்னப் பிடிச்சிருக்கா?”

“ஐயோ, இங்கயும் is போடணுமா?”

“வேண்டாம். அம்மாகிட்ட சம்மதம்னு சொல்லிட்டுத்தான் லேப்டாப்பையே எடுத்தேன்.”